திசையறியும் அணுக்கள்

நுழையும்முன்

ஒரு பொருள் வாயுவாகப் பரவுமா, திரவமாக ஓடுமா, திண்மமாக இறுகுமா என்பதை அதன் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் வலிமையே முடிவு செய்கிறது. அந்தப் பற்றைக் கையால் தொட்டு அளக்க இயலாது. மாதிரி ஒன்றை வகுத்து, அது தரும் விடையை இயற்கையோடு ஒப்பிட்டே அறிய இயலும். எளிய மாதிரி எதுவரை துணைநிற்கும், எங்கே கைவிடும் என்பதைக் குளோரின், புரோமின், அயோடின் ஆகிய தனிமங்களின் வழியே இப்பாடம் விளக்குகிறது.

குழாய்நீரில் ஒரு கேள்வி

காவிரியின் வடகரையில் வாழைத் தோட்டங்களும் வெற்றிலைக் கொடிக்கால்களும் சூழ அமைந்த ஊர் தொட்டியம். காவிரிக்கரை ஊர்கள் பலவற்றில் காலையில் குழாயைத் திறந்ததும் மெல்லிய நெடி ஒன்று மூக்கைத் தொடுவதுண்டு. நோய்க்கிருமிகளை அழிப்பதற்காக நீரில் சேர்க்கப்படும் குளோரினின் நெடி அது. சிற்றூர்களின் மேல்நிலைத் தொட்டிகளில் பிளீச்சிங் பவுடராகவும், பெரிய குடிநீர் நிலையங்களில் இரும்பு உருளைகளில் அடைத்த குளோரினாகவும் அது பயன்படுகிறது. இதே காவிரியின் மேற்பகுதியில் உள்ள மேட்டூரில், உப்புக்கரைசலை மின்னாற்பகுத்து எரிசோடாவையும் குளோரினையும் உண்டாக்கும் தொழில் நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது.

திறந்த வெளியில் குளோரின் பசுமஞ்சள் நிற வாயு. உருளைக்குள் இருப்பதோ பெரும்பாலும் திரவம். 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஏறத்தாழ 7 வளிமண்டல அழுத்தம் கொடுத்தால் குளோரின் திரவமாகிவிடும். அதன் உறவான புரோமின், அழுத்தம் ஏதுமின்றியே செம்பழுப்புத் திரவமாக இருக்கிறது. இன்னோர் உறவான அயோடின் கருமை பளபளக்கும் திண்மம். சோதனைக் குழாயில் இட்டு மெல்லச் சூடேற்றினால் ஊதாநிற ஆவியாகப் பதங்கமாகிறது. தனிம வரிசை அட்டவணையில் ஒரே தொகுதியில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கும் இம்மூன்றும் மூன்று வேறு நிலைகளில் இருப்பது ஏன்?

ஒரு குடும்பத்தின் கணக்கு

ஹேலஜன்கள் எனப்படும் இக்குடும்பத்தில் ஃபுளூரின், குளோரின், புரோமின், அயோடின் ஆகிய நான்கும் இரண்டிரண்டு அணுக்கள் இணைந்த மூலக்கூறுகளாக வாழ்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறிலும் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கையையும் கொதிநிலையையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஃபுளூரின்: 18 எலக்ட்ரான்கள், கொதிநிலை −188 டிகிரி செல்சியஸ்
குளோரின்: 34 எலக்ட்ரான்கள், கொதிநிலை −34 டிகிரி செல்சியஸ்
புரோமின்: 70 எலக்ட்ரான்கள், கொதிநிலை 59 டிகிரி செல்சியஸ்
அயோடின்: 106 எலக்ட்ரான்கள், கொதிநிலை 184 டிகிரி செல்சியஸ்

எலக்ட்ரான்கள் பெருகப் பெருக மூலக்கூறுகளைப் பிரிப்பது கடினமாகிறது என்பதை இவ்வரிசை காட்டுகிறது. இங்கே பிரிவது மூலக்கூறிலிருந்து மூலக்கூறே. மூலக்கூறுக்குள் இருக்கும் அணுக்கள் அல்ல. ஒரு மோல் குளோரினின் அணுக்களைப் பிரித்தெடுக்க 242 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். அதே ஒரு மோல் குளோரினைத் திரவத்திலிருந்து வாயுவாக்க ஏறத்தாழ 20 கிலோஜூல் போதும். அணுக்களைப் பிணைப்பது இரும்புச் சங்கிலி என்றால், மூலக்கூறுகளை இணைப்பது வாழைநார் எனலாம். நம் பாடத்தின் பொருள் அந்த நாரின் இயல்பே.

மின்சுமையற்றவை ஈர்க்குமா?

குளோரின் மூலக்கூறு மின்சுமையற்றது. அதன் இரு அணுக்களும் ஒரே வகையின. ஆகவே ஒரு முனை நேர்மின், மறுமுனை எதிர்மின் என்ற பிரிவும் அதற்கு இல்லை. அத்தகைய மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஏன் ஈர்க்க வேண்டும்?

வாயுக்கள் திரவமாவதை ஆராய்ந்த டச்சு அறிஞர் வான் டெர் வால்ஸ், மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்பு உண்டு என்பதையும், அவை தமக்கென இடத்தை அடைத்துக்கொள்கின்றன என்பதையும் 1873-ஆம் ஆண்டில் தம் ஆய்வேட்டில் கணக்கில் கொண்டார். ஈர்ப்பின் காரணத்தை விளக்கக் குவாண்டம் இயக்கவியல் பிறக்க வேண்டியிருந்தது. 1930-ஆம் ஆண்டில் ஃபிரிட்ஸ் லண்டன் அவ்விளக்கத்தை அளித்தார். எலக்ட்ரான் முகில் ஓரிடத்தில் உறைந்து நிற்பதில்லை, கணந்தோறும் அலைவுறுகிறது. ஒரு கணத்தில் அது ஒரு பக்கம் சற்றே மிகுந்தால், அண்டை மூலக்கூறின் முகிலும் அதற்கேற்பச் சாய்கிறது. இவ்வாறு ஒத்திசைந்து நிகழும் சாய்வுகளால் இரண்டும் ஈர்க்கப்படுகின்றன. இதனை லண்டன் விசை என்பர். அயோடினின் எலக்ட்ரான் முகில் பெரியது, எளிதில் நெகிழக்கூடியது. ஆகையால் அங்கே ஈர்ப்பும் மிகுதி.

ஈர்ப்பு மட்டும் இருந்தால் பொருள்கள் யாவும் ஒரு புள்ளியில் ஒடுங்கிவிடும். இரு முகில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிய முற்படும்போது கடும் விலக்கு விசை எழுகிறது. ஈர்ப்பும் விலக்கும் சமன்படும் தொலைவிலேயே மூலக்கூறுகள் அமைதி கொள்கின்றன.

கோளம் என்னும் எளிய மாதிரி

இவ்விரண்டையும் ஒரே வாய்பாட்டில் அடக்கிய பெருமை ஆங்கிலேய அறிஞர் ஜான் லெனார்டு ஜோன்சுக்கு உரியது. 1924-ஆம் ஆண்டில் அவர் தொடங்கிவைத்த வழியில் உருவான வாய்பாட்டின்படி, ஈர்ப்பாற்றல் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும், விலக்காற்றல் பன்னிரண்டாம் அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் குறைகின்றன. தொலைவை இருமடங்காக்கினால் ஈர்ப்பு 64-இல் ஒரு பங்காகும். விலக்கோ 4096-இல் ஒரு பங்காகிவிடும். ஆதலால் நெருக்கத்தில் விலக்கு ஓங்குகிறது. சற்று விலகினால் ஈர்ப்பு ஓங்குகிறது.

இவ்வாய்பாட்டுக்குத் தேவையான செய்தி தொலைவு ஒன்றுதான். எந்தத் திசையிலிருந்து நெருங்கினாலும் விசை ஒன்றே என்று அது கொள்கிறது. அதாவது அணுவை ஒரு கோளமாகக் கருதுகிறது. ஆர்கான் போன்ற ஓரணு வாயுவுக்கு இது நன்கு பொருந்தும். ஈரணு மூலக்கூறான குளோரினுக்குப் பொருந்துமா?

திரவத்திலும் திசை உண்டு

எலுமிச்சம்பழங்களைக் கூடையில் கொட்டினால் எப்பழம் எப்பக்கம் திரும்பியிருந்தாலும் வேறுபாடு இல்லை. வாழைப்பழங்களை அவ்வாறு கொட்ட இயலாது. ஒரு பழம் கிடக்கும் திசை, அருகில் உள்ள பழம் கிடக்கும் திசையையும் கட்டுப்படுத்தும். நீண்ட வடிவுடைய மூலக்கூறுகள் திரவத்தில் நெருங்கியிருக்கும்போதும் இதுவே நிகழ்கிறது.

இக்கருத்தைத் திரவங்களின் ஒளியியலில் வலியுறுத்தியவர்களுள் இருவர் தமிழர். ஒருவர், தொட்டியத்தைக் கடந்து கிழக்கே செல்லும் காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவில், திருவானைக்காவில் 1888 நவம்பர் 7-இல் பிறந்த ச. வெ. இராமன். மற்றொருவர், வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த க. ஸ்ரீ. கிருஷ்ணன். திரவத்தில் உள்ள ஒரு மூலக்கூறைச் சூழ்ந்த வெளி எல்லாத் திசையிலும் ஒரே தன்மையது என்பதே அதுவரை பின்பற்றப்பட்ட எடுகோள். மூலக்கூறு கோளமாக இல்லாதபோது அவ்வெடுகோள் பொருந்தாது என்றும், அதன்மீது செயல்படும் புலம் திசைக்குத் திசை வேறுபடும் என்றும் 1927-ஆம் ஆண்டில் இவ்விருவரும் கொல்கத்தாவில் நிகழ்த்திய ஆய்வில் நிறுவ முற்பட்டனர். அடுத்த ஆண்டு, 1928 பிப்ரவரி 28-இல் அறியப்பட்ட இராமன் விளைவின் பெரும்புகழில் இவ்வாய்வு மாணவர்களின் கண்ணில் படாமல் போவதுண்டு. அவர்கள் ஒளியை அளந்தார்களேயன்றி ஹேலஜன்களின் விசையைக் கணக்கிடவில்லை. எனினும் திரவத்தில் மூலக்கூறின் வடிவத்தையும் திசையையும் புறக்கணிக்கலாகாது என்னும் உண்மை அவர்கள் ஆய்விலேயே வெளிப்பட்டுவிட்டது.

எண்களால் இயங்கும் திரவம்

விசைக்கு ஒரு வாய்பாடு கிடைத்தால் மட்டும் போதாது. திரவத்தில் கோடானுகோடி மூலக்கூறுகள் ஓயாமல் நகர்கின்றன. வாய்பாடு சரியா என்று அறிய, அவற்றின் இயக்கத்தையே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு வழிகாட்டியவர் ஐதராபாத்தில் 1927-இல் பிறந்து, உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் சேர்ந்த அனீசுர் ரஹ்மான்.

அவர் 864 ஆர்கான் அணுக்களைக் கணினிக்குள் எண்களாக நிறுத்தினார். ஒவ்வோர் அணுவின் மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையை லெனார்டு ஜோன்ஸ் வாய்பாட்டால் கணக்கிட்டார். நியூட்டனின் இயக்க விதிப்படி அவற்றைச் சிறிது நகர்த்தினார், மீண்டும் விசையைக் கணக்கிட்டார், மீண்டும் நகர்த்தினார். 1964-இல் வெளியான அம்முடிவுகள், உண்மையான திரவ ஆர்கானின் பண்புகளோடு நன்கு ஒத்திருந்தன. மூலக்கூறு இயக்கவியல் என்று இன்று வழங்கும் துறை உறுதியாக வேரூன்றியது அந்த ஆய்வினால்தான்.

ஆர்கான் ஒற்றைக் கோளம். ஹேலஜன்களுக்கோ இரு கோளங்களை ஒட்டவைத்தாற்போன்ற மாதிரி தேவைப்பட்டது. 1977-ஆம் ஆண்டில் கொன்ராட் சிங்கரும் உடன் ஆய்வாளர்களும் ஃபுளூரின், குளோரின், புரோமின் ஆகியவற்றின் திரவநிலையை இத்தகைய இரட்டைக்கோள மாதிரியால் ஆராய்ந்தனர். ஒரு மூலக்கூறின் இரு கோளங்கள் ஒவ்வொன்றும் அடுத்த மூலக்கூறின் இரு கோளங்களையும் ஈர்க்கும், விலக்கும். ஆக, ஓர் இணைக்கு நான்கு கணக்குகள். இவ்வளவு எளிய மாதிரி திரவங்களின் வெப்ப இயக்கப் பண்புகளை ஓரளவு நன்றாகவே விளக்கியது. மூலக்கூறின் நீள்வடிவம் மாதிரிக்குள் வந்துவிட்டது. ஆனால் அதிலுள்ள ஒவ்வோர் அணுவும் இன்னும் கோளமாகவே இருந்தது.

படிகம் அளித்த மறுப்பு

திரவத்தில் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் புரள்வதால் மாதிரியின் சிறு பிழைகள் சராசரியில் மறைந்துவிடக்கூடும். படிகத்தில் அவ்வாறு மறைய இடமில்லை. அங்கே ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய இடத்தில், தனக்குரிய திசையில் நிற்கிறது.

திண்மக் குளோரின், புரோமின், அயோடின் மூன்றும் ஒரே வகை அமைப்பை உடையவை. கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலைகளைக் கவுளியாக அடுக்குவதைப் போல, மூலக்கூறுகள் தட்டையான அடுக்குகளாக அமைகின்றன. ஓரடுக்குக்குள் அவை குறுக்கும் சாய்வுமாக நின்று, ஒன்றன் முனை மற்றொன்றன் விலாப்புறத்தை நோக்குமாறு அமைந்துள்ளன. ஊடுகதிர் ஆய்வு தரும் தொலைவுகளைக் காண்போம். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு சென்டிமீட்டரின் பத்துக் கோடியில் ஒரு பங்கு. அயோடின் படிகத்தில் ஒரே மூலக்கூறின் இரு அணுக்களுக்கு இடைத்தொலைவு 2.72 ஆங்ஸ்ட்ராம். அதே அடுக்கில் உள்ள அண்டை மூலக்கூறின் அணு 3.50 ஆங்ஸ்ட்ராம் தொலைவில் இருக்கிறது. அடுத்த அடுக்கில் உள்ள மிக நெருங்கிய அணுவோ 4.27 ஆங்ஸ்ட்ராம் தள்ளி நிற்கிறது. குளோரினிலும் அடுக்குக்குள் 3.32, அடுக்குகளுக்கிடையே 3.74 என வேறுபாடு காணப்படுகிறது.

அணு கோளமாயின், மூலக்கூறுகள் தொட்டுக்கொள்ளும் தொலைவு திசைக்குத் திசை இவ்வளவு மாறுபட வேண்டியதில்லை. தொலைவை மட்டும் சார்ந்த இரட்டைக்கோள மாதிரியால் இந்த அடுக்கமைப்பை மிக நிலையான அமைப்பாகப் பெற இயலவில்லை. அது வேறு அமைப்பையே விரும்பியது. திரவத்தில் தேர்ச்சி பெற்ற மாதிரி, திண்மத்தில் தோற்றது.

அணுவின் முனையும் இடுப்பும்

தவறு எங்கே? அணுவைக் கோளமாகக் கொண்ட எடுகோளில்தான். ஹேலஜன் அணு பிணைப்பில் ஈடுபடும்போது அதன் எலக்ட்ரான் முகில் சீராக இருப்பதில்லை. பிணைப்பின் நேர்கோட்டில், வெளிமுனையில் முகில் மெலிகிறது; அவ்விடம் சற்றே நேர்மின் தன்மை பெறுகிறது. பிணைப்பைச் சுற்றிய இடுப்புப் பகுதியில் முகில் செறிகிறது. அவ்விடம் சற்றே எதிர்மின் தன்மை கொள்கிறது. ஒன்றன் முனை மற்றொன்றன் இடுப்பை நோக்கிச் சாய்வது இதனால் இயல்பாகிறது. மேலும், முகில் மெலிந்த முனைப்பக்கம் அணு சற்றுத் தட்டையாகவும் இருக்கிறது. 1985-இல் நைபர்க், ஃபேர்மன் ஆகிய இருவரும் பல படிகங்களின் தொலைவுகளைத் தொகுத்து ஆராய்ந்து, குளோரின் அணுவின் ஆரம் முனைத்திசையில் 1.58 ஆங்ஸ்ட்ராம், பக்கத்திசையில் 1.78 ஆங்ஸ்ட்ராம் எனக் கணித்தனர்.

இனி விசைமாதிரி தொலைவை மட்டுமன்றித் திசையையும் கேட்க வேண்டியதாயிற்று. 1988-ஆம் ஆண்டில் ரோட்ஜர், ஸ்டோன், டில்டெஸ்லி ஆகிய மூவரும் குளோரினுக்கு அத்தகைய திசைசார் மாதிரி ஒன்றை வகுத்து, வாயு, திரவம், திண்மம் ஆகிய மூன்று நிலைகளிலும் அதனைச் சோதித்தனர். ஒரு நிலைக்கு ஒரு மாதிரி என்று வைத்துக்கொள்ளாமல், மூன்றுக்கும் ஒன்றே போதுமா எனக் கேட்டதே அவ்வாய்வின் சிறப்பு. மூலக்கூறு எந்நிலையில் இருந்தாலும் அதன் இயல்பு ஒன்றே அன்றோ?

ஈர்ப்பா? இடநெருக்கமா?

திசை உண்டு என்பதில் உடன்பட்ட அறிஞர்கள், அதன் காரணத்தில் வேறுபட்டனர். சென்னையில் 1952-இல் பிறந்த கௌதம் தேசிராஜு, ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, பார்த்தசாரதி என்னும் ஆய்வாளரோடு இணைந்து 1989-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஹேலஜன் அணுக்கள் படிகங்களில் இவ்வளவு நெருங்கி நிற்பது தனித்த ஈர்ப்பினாலா, அன்றிக் கோளமல்லாத அணுக்கள் இடத்தைச் சிக்கனமாக அடைப்பதனாலா என்னும் வினாவையே அக்கட்டுரை தலைப்பாகக் கொண்டிருந்தது. முனை இடுப்பை நோக்கும் வகைத் தொடர்புகளில் ஈர்ப்பின் பங்கு உண்டு என்றும், அது குளோரினைவிடப் புரோமினிலும், புரோமினைவிட அயோடினிலும் மிகும் என்றும் அவர்கள் கருதினர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1994-இல், சாரா பிரைஸ், ஸ்டோன் முதலியோர் குளோரின் அணுக்களுக்கிடையேயான விசையைக் கோட்பாட்டு வழியில் கணக்கிட்டனர். குளோரினைப் பொறுத்தவரை, முனைப்பக்கம் விலக்கு விசை குறைவாக இருப்பதே நெருக்கத்துக்கு முதன்மைக் காரணம் என்பது அவர்கள் கண்ட முடிவு. ஒரு சாரார் ‘அருகே இழுக்கிறது’ என்றனர். மறு சாரார் ‘அருகே வர விடுகிறது’ என்றனர். இருவர் கூற்றுக்கும் அடிப்படை, சீரற்றுப் பரவிய அதே எலக்ட்ரான் முகிலே. கருத்து வேறுபாடு பகையாகாமல், அளவீடுகளையும் கணக்கீடுகளையும் கூர்மைப்படுத்தும் கருவியாயிற்று.

ஹேலஜன் அணுவின் எலக்ட்ரான் குறைந்த பகுதிக்கும், எலக்ட்ரான் மிகுந்த வேறொரு பகுதிக்கும் இடையே நிகழும் நிகர ஈர்ப்பை ‘ஹேலஜன் பிணைப்பு’ என்று பன்னாட்டு வேதியியல் ஒன்றியம் 2013-இல் வரையறுத்தது. அவ்வறிக்கையை எழுதிய குழுவின் முதல் பெயர் தேசிராஜுவுடையது. அப்போது அவர் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் பேராசிரியர்.

அறிவதால் ஆவதென்ன?

இவ்விசை ஆய்வுக்கூடத்தில் மட்டும் வாழ்வதன்று. நாம் உண்ணும் அயோடின் கலந்த உப்பிலிருந்து நம் உடல் தைராக்சின் என்னும் ஹார்மோனை ஆக்கிக்கொள்கிறது. அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு அயோடின் அணுக்கள் உள்ளன. குருதியில் அதனைச் சுமந்து செல்லும் புரதம் ஒன்றோடு அது பொருந்துகையில், அயோடினுக்கும் புரதத்தின் ஆக்சிஜனுக்கும் இடையே இத்தகைய நெருங்கிய தொடர்புகள் அமைகின்றன. புதிய மருந்துகளை வடிவமைப்போர் ஒரு ஹேலஜன் அணுவை எந்த இடத்தில் எந்தத் திசையில் வைப்பது என்று கணினியில் கணக்கிடும்போது, அதனை வெறும் கோளமாகக் கொண்டால் கணக்கு பிழையாகும்.

எனினும் திசைசார் மாதிரியும் முடிந்த முடிவன்று. வாயுநிலையில் 2.67 ஆங்ஸ்ட்ராம் உள்ள அயோடினின் பிணைப்பு, படிகத்தில் 2.72 ஆங்ஸ்ட்ராமாக நீள்கிறது. அண்டையில் நிற்போரின் ஈர்ப்பு மூலக்கூறின் உள்ளமைப்பையே சற்றுத் தளர்த்துகிறது என்பது இதன் பொருள். மூலக்கூறை மாறாத உருவாகக் கொள்ளும் மாதிரிகள் அயோடினிடம் மீண்டும் திருத்தம் பெற வேண்டியுள்ளன.

கோளம் தவறு என்று தெரிந்த பின்னும் ஆர்கானுக்குக் கோளத்தையே பயன்படுத்துகிறோம். திரவத்தின் பொதுப்பண்பை விரைந்து அறிய இரட்டைக்கோளத்தையும் கைவிடவில்லை. எந்தக் கேள்விக்கு எந்த மாதிரி போதும் என்று தெரிந்து தேர்வதே அறிவியலாரின் பயிற்சி. குழாய்நீரின் நெடியில் தொடங்கிய கேள்வி, ஓர் அணுவின் முனையையும் இடுப்பையும் காணும்வரை நம்மை அழைத்து வந்தது. அவ்வழியில் ஒவ்வொரு அடியையும் எடுத்துவைக்கச் செய்தது, மாதிரி தோற்ற இடத்தை மறைக்காமல் எழுதிவைத்தவர்களின் நேர்மையே.

தெரிந்து தெளிவோம்

ஹேலஜன் என்னும் சொல் உப்பு, பிறப்பித்தல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களிலிருந்து உருவானது. சோடியம் போன்ற உலோகங்களோடு சேர்ந்து உப்புகளை உண்டாக்குவதால் இப்பெயர் பெற்றது. தமிழில் இதனை ‘உப்பீனி’ என்பர். உப்பை ஈனுவது உப்பீனி. ஈனுதல் என்பதற்குப் பெறுதல், பிறப்பித்தல் என்று பொருள்.

கற்பவை கற்றபின்

1. எலுமிச்சம்பழங்களையும் வாழைப்பழங்களையும் தனித்தனிப் பெட்டிகளில் அடுக்கி, வடிவம் அடுக்குமுறையை எவ்வாறு மாற்றுகிறது என்பதை வகுப்பில் விளக்குக.
2. ‘திரவத்தில் தேர்ச்சி பெற்ற மாதிரி, திண்மத்தில் தோற்றது’ – இக்கூற்றைப் பாடப்பகுதிச் சான்றுகளுடன் நிறுவுக.
3. ‘அருகே இழுக்கிறது’, ‘அருகே வர விடுகிறது’ ஆகிய இரு கருத்துகளையும் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.